கூடல்வாய்

மெய்ன் மாநிலத்தின் வட விளிம்பு.
ஆறு உறைந்து
இக்கரை எந்த நாடு, அக்கரை எந்த நாடு என்பது
வெள்ளையில் மறைந்துபோன ஜனவரி.
திரையில் ஊலெட் வீட்டைத் திறக்கிறேன்.

பழைய கூரையின் சாய்வு பன்னிரண்டுக்குப் பத்து.
ஒட்டப்போகும் அடுக்களைக்கு
பன்னிரண்டுக்கு நான்கு போதும் என்கிறார் ரெனால்ட்.
பலகை விற்கிற விலை அப்படி.

நாலாவது சுவரை இழுத்து மூடியதும்
கூரை தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது,
அழைக்காமல் பந்தியில் அமர்ந்தவர் போல.
சோதிப்பதற்காக ஒரு சுவரை அழித்தேன்.
எழுந்திருக்கவில்லை.
அந்தரத்தில் அப்படியே இருந்தது.

இந்த உலகில் எதற்கும் எடை இல்லை.
பனியைக்கூட நான்தான் எண்ணாக்கி ஊட்ட வேண்டும்:
சதுர அடிக்கு நூறு பவுண்டு.

சட்டகம் எழுப்பு என்றேன்.
கொட்டாவி விட்டு முடிப்பதற்குள்
நானூற்றுப் பன்னிரண்டு கட்டைகள்.
அதில் ஒன்று
கதவு நிலையின் நட்டநடுவே, சுங்கச்சாவடிக்காரனாக.
ஒரு கைமரம் புகைபோக்கிக்குள் நுழைந்து
கரி படாமல் மறுபக்கம் வந்தது.

ஆறு மாதம் விறகு எரிகிற வீடு.
செங்கல்லுக்கும் மரத்துக்கும் இடையே
இரண்டங்குலம் காற்று வேண்டும்.
திரைக்கு நெருப்பும் தெரியாது.
கைமரத்தை வெட்டினேன்.
இருபுறமும் இரட்டை மரம், குறுக்கே தலைக்கட்டை.

பிறகு கூடல்வாய்.
இரண்டு சாய்வுகள் சந்தித்து
மேலே விழுந்ததையெல்லாம் ஒரே வழியில் அனுப்பும் பள்ளம்.
பத்தும் பத்தும் என்றால் நேர் குறுக்காக இறங்கும்.
பத்தும் நான்கும் என்றால்
ஒருக்களித்துப் படுக்கும், விளிம்புகள் பொருந்தாது.
வெள்ளி இரவு பதினொன்றேகால் வரை
கட்டைவிரல் அகல முக்கோண ஓட்டை
அங்கே வானத்தைக் காட்டிக்கொண்டிருந்தது.

முகட்டைக் கொஞ்சம் ஏற்றினேன்.
மூடிக்கொண்டது.
எதைக்கொண்டு மூடியது என்று பார்க்கவில்லை.
அனுப்பிவிட்டுத் தூங்கினேன்.

திங்களன்று, அவர்கள் சாப்பாட்டு மேசை.
நன்றாக இருக்கிறது என்றார் ரெனால்ட்.
ஜிஸேல் கையெழுத்துக்குப் பேனா தேடினாள்.
ஏழு வயது கொரின் தாளின் ஓரத்தில்
பென்சிலால் ஒரு வட்டம் போட்டு
இரண்டு காது வைத்து,
"இது எங்கே உட்காரும்?" என்றாள்.

மாடிப்படி முடிகிற இடத்தில்
பழைய கூரையிலிருந்து துருத்தி நின்ற சன்னல்.
இரண்டடி அகலம், உரிந்த பச்சைப் பூச்சு.
புதுக்கூரை அதை விழுங்கியிருந்தது.
ஏப்பம்கூட இல்லை.
மென்பொருள் எதையும் ஒளிக்கவில்லை, அந்தப் பக்கத்திலிருந்து
நான் வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை,
அவ்வளவுதான்.

'தானாக' என்ற கட்டத்தில் இருந்த குறியை எடுத்தேன்.
ஒவ்வொரு சாய்வையும் கையால்,
ஒவ்வொரு கைமரத்தையும் பெயர் சொல்லாத குறையாக.
முகடு பதினான்கு அங்குலம் இறங்கினால்
சன்னலின் அடிக்கட்டைக்குக் கீழே நழுவிப் போகும்.
ஆனால் ஆற்றுப்பக்கச் சுவர் ஆறடி ஒன்றில் நிற்கும்.
பாதி அறை ஏழடி இருப்பதால் விதி ஒப்புக்கொள்ளும்.
ரெனால்ட் ஆறடி மூன்று.

தொலைபேசியில் சொன்னேன்.
கொஞ்ச நேரம் குழாய்ச் சத்தம் மட்டும்.
"அந்தச் சுவரோரம்தானே பாத்திரம் கழுவும் தொட்டி.
எப்படியும் குனியத்தானே போகிறேன்."

கடைசித் தாளில் ஓர் அழகுக்காக
சன்னலில் எதையாவது வைக்கலாமென்று
பொருட்கிடங்கைத் திறந்தேன்.
நாற்காலி நாற்பது வகை. மேப்பிள், பிர்ச்.
சைக்கிளோடு ஒரு ஆள். நாய்கள் இரண்டு.
பூனை இல்லை.

அடிக்கட்டையை மட்டும்
ஓர் அங்குலம் அகலமாக்கினேன்.